எல்லாம் வந்துவிட்டதா?

என் தந்தையார் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற 2004ஆம் ஆண்டில் எங்கள் வீட்டிற்கு ஒரு கணினி வந்தது. பெட்டி போன்ற திரையும், மேசைக்கடியில் இரைந்துகொண்டே இருக்கும் மற்றொரு பெட்டியுமாக முன்னறையின் ஒரு மூலையை அது எடுத்துக்கொண்டது. நெடுங்காலம் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, ஐம்பத்தெட்டாம் வயதில் விசைப்பலகையைப் பழகியது. மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாடல்களையும் ஒப்பாரிகளையும் அவர் பல ஆண்டுகளாக ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். அவற்றை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தட்டச்சு செய்தார். பின்னர் நாடாக்கள் பூஞ்சை படர்ந்து கெட்டன. பாடிய பாட்டிமாரும் ஒவ்வொருவராக மறைந்தனர். எஞ்சியவை கணினிக்குள் இருந்த எழுத்துகள் மட்டுமே.

சென்ற ஆண்டு அந்தக் கணினியும் தளர்ந்தது. அதில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் 2001இல் வெளிவந்தது. அதற்கான பாதுகாப்பு மேம்பாடுகள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. கணினி விழித்தெழவே கால்மணி நேரம் ஆயிற்று. வன்தட்டிலிருந்து இடையிடையே 'டக் டக்' என்ற ஒலி எழுந்தது. அது நின்றுவிடுமுன் அனைத்தையும் புதிய மடிக்கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

தந்தையாரின் கோப்புறையில் 412 கோப்புகள் இருந்தன. மொத்த அளவு 38 மெகாபைட். அவருடைய பல்லாண்டு உழைப்பு ஒரு திரைப்படப் பாடலின் காணொளி அளவுதான் இருந்தது. பென் டிரைவில் படியெடுத்துப் புதிய கணினியில் இட, ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை.

அருகில் அமர்ந்திருந்த தந்தையார் கேட்டார்: "எல்லாம் வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது அப்பா. எண்ணிப் பார்த்துவிட்டேன். அங்கும் 412, இங்கும் 412."

பெருமிதத்தோடு முதல் கோப்பைத் திறந்தேன். திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. தந்தையார் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் திரையருகே கொண்டு சென்றார். "இது என்ன மொழி?" என்றார். என்னிடம் விடை இல்லை.

விடையைத் தேடியபோதுதான் கணினியில் தமிழ் எவ்வாறு தங்கியிருந்தது என்பதை அறிந்தேன். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்நாளில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்தவை 256 எண்கள்தாம். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்திப் பல எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. என் தந்தையார் பயன்படுத்திய பாமினி அவற்றுள் ஒன்று. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வடிவங்களை அமர்த்தியதால், ஓர் எழுத்துருவில் அடித்ததை மற்றோர் எழுத்துருவில் படிக்க இயலாது. கோப்பில் இருந்தவை வெறும் எண்கள். அவற்றைத் தமிழாகக் காட்டிய எழுத்துருவோ கணினியின் வேறொரு கோப்புறையில் இருந்தது. நான் பூட்டிய பெட்டியைச் சுமந்து வந்துவிட்டேன். சாவி பழைய வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பயன்படுத்திய தட்டச்சு மென்பொருளையும் அதன் கோப்புறையோடு படியெடுத்துப் பார்த்தேன். அது இயங்கவில்லை. கோப்பு நாற்றைப் போன்றது; பறித்து வேறு வயலில் நடலாம். மென்பொருள் வேரோடிய மரம். நிறுவும்போதே அது தன் பகுதிகள் சிலவற்றை இயங்குதளத்தின் கோப்புறைகளில் வைக்கிறது; தன் அமைப்புகளை அதன் பதிவேட்டில் எழுதுகிறது. மேலே தெரியும் பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தால் அது வாழாது. புதிய நிலத்தில் முதலிலிருந்து நிறுவ வேண்டும். அதற்குரிய குறுந்தகடோ எங்களிடம் இல்லை.

நல்வாய்ப்பாக எழுத்துரு கிடைத்தது. அதைப் புதிய கணினியில் சேர்த்ததும், கலைந்து கிடந்த குறிகள் ஒரு நொடியில் தமிழாயின. ஆயினும் அது பாதி வெற்றிதான். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசிக்கு அனுப்பினால் மீண்டும் பழைய குழப்பமே தோன்றும். எனவே கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற முனைந்தேன். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் 'அ' என்பதற்கு 2949 என்னும் எண். அந்த எண் வேறு எந்த மொழியின் எழுத்துக்கும் உரியதன்று.

குறிமுறை மாற்றும் செயலி பெரும்பணியைச் செய்தது. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக இருந்தது. ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். அந்த வரிசையைச் செயலி தானே சீர்செய்தது. ஆனால் எது ஆங்கிலம், எது தமிழ் என்று அதற்குத் தெரியவில்லை. பாடல்களின் தலைப்பில் தந்தையார் ஆங்கிலத்தில் இட்டிருந்த நாடா விவரங்களையும் அது பொருளற்ற தமிழாக்கிவிட்டது. எனவே ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்க்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பார்வை மங்கியிருந்ததால் மாலைதோறும் நான் படிப்பேன். அவர் கேட்டுத் திருத்துவார்.

ஒருநாள் நடவுப் பாடல் ஒன்றில் 'வாய்க்கால்' என்று படித்தேன். அவர் கை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த அம்மாள் 'வாக்கா' என்றுதான் பாடினார். பிழையென்று எண்ணி அன்று நான்தான் திருத்திவிட்டேன். 'வாக்கா' என்று போடு."

அன்று மாலை அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை. கணினியிலிருந்து கணினிக்கு மாறும்போது எது தவறியது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். குரலிலிருந்து எழுத்துக்கு மாறிய முதல் பெயர்ப்பிலேயே சில தவறிவிட்டன என்பதை அவர் கண்டார். மறுநாளிலிருந்து அவர் கேட்ட முறையே மாறியது. 'திருத்திய' சொற்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து மீட்டார். சில இடங்களில் மெட்டைத் தாழ்ந்த குரலில் பாடிக் காட்டினார். அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டேன். எந்தச் செயலியாலும் செய்ய இயலாத திருத்தம் அது. பாடியவரை நேரில் கேட்ட ஒருவர் உடனிருந்ததால் மட்டுமே அது கைகூடியது.

இது தமிழுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடி பழுதாகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியே நம் நூல்களைக் காத்தனர். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. படிக்கத் தெரிந்தவரின் அறிவே அவற்றை நிரப்பியது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது. பெயர்த்தெழுதிய கைகள்தோறும் பிழைகள் புகுந்திருந்ததே அதற்குக் காரணம். நம் காலத்திலும், 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் தொடக்ககால மின்னூல்களைத் திஸ்கி குறிமுறையிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியது. ஏடு மாறினாலும் கடமை மாறவில்லை. சேர்த்து வைப்பதோடு காத்தல் முடிந்துவிடுவதில்லை. படிக்கும் முறையையும் உடன் கொடுத்து, அறிந்தவர் இருக்கும்போதே அடுத்த கைக்கு மாற்றுவதே காத்தல்.

இரண்டு மாதங்களில் பணி முடிந்தது. ஒன்பது கோப்புகள் மட்டும் திறவாமல் நின்றன. எங்கள் வீட்டிற்குக் கணினி வருமுன் ஒரு தட்டச்சு நிலையத்தில் அடித்து நெகிழ்வட்டில் கொண்டுவந்தவை அவை. எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டவை என்ற குறிப்பு அவற்றில் இல்லை, தந்தையாருக்கும் நினைவில்லை.

கடைசி நாளன்று அவர் மீண்டும் கேட்டார்: "எல்லாம் வந்துவிட்டதா?"

"இல்லை அப்பா. 403 வந்துவிட்டன. ஒன்பது இன்னும் வரவில்லை."

"அழித்துவிடாதே" என்றார்.

அழிக்கவில்லை. அந்த ஒன்பதையும், மாற்றுவதற்கு முன்பிருந்த 403 பழைய கோப்புகளையும், பாமினி எழுத்துருவையும் ஒரே கோப்புறையில் வைத்திருக்கிறேன். அவற்றைப் படிக்கும் முறையை ஒருங்குறித் தமிழில் எழுதி முதற்கோப்பாக இணைத்துள்ளேன். எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் முறையை ஆராய்ந்து அந்த ஒன்பதையும் ஒருநாள் யாரேனும் திறக்கக்கூடும். திறந்தால் அதற்குள் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தியின் தாலாட்டு இருக்கும்.