யாரால் முடியாமல்?

இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் போதித்து வருகிறேன். அந்தப் பாஷையில் மிகவும் உழைத்து ஓய்ந்த சொல் எது என்று யாராவது கேட்டால், 'வெரி' என்று தயங்காமல் சொல்வேன். மாணவர்களுடைய கட்டுரைகளில் மழையும் 'வெரி' பலமாகப் பெய்கிறது. பாட்டியும் 'வெரி' அன்போடு முறுக்குக் கொடுக்கிறாள். பெருமழைக்கும் முறுக்குக்கும் ஒரே அளவுகோல்!

இந்தச் சங்கடத்தைப் போக்குவதற்காக, தடுக்க முடியாத வேகத்தையும் தப்ப முடியாத விளைவையும் குறிக்கும் வினையுரிச் சொற்கள் சிலவற்றை ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வழக்கம். எழுதிப் போட்ட மறுநாளே ஒரு புதிய சங்கடம் தோன்றிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தந்தானே என்று எண்ணி, பிள்ளைகள் கைக்கு வந்த சொல்லை எடுத்து வைத்துவிடுவார்கள். சிறிய அகராதியும் அவர்கள் கட்சியே பேசும். ஆனால், ஒவ்வொரு சொல்லையும் சற்றுப் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரு மனிதன் நிற்பது தெரியும். வந்து மோதுகிற சக்தியை அல்ல, அதன் எதிரில் அகப்பட்டுக்கொண்டவன் என்ன செய்து பார்த்தான் என்பதையே அந்தச் சொல் நமக்குச் சொல்கிறது.

'இர்ரெஸிஸ்டிப்ளி' என்ற சொல்லில் இருப்பவன் எதிர்த்து நின்று பார்த்தவன், நிற்க முடியவில்லை. 'இனெக்ஸரப்ளி' என்பதில் இருப்பவனோ கைகூப்பியவன். லத்தீன் பாஷையில் அதன் வேருக்கு இறைஞ்சி இணங்க வைத்தல் என்று பொருள். எவ்வளவு மன்றாடினாலும் இணங்காமல் வருவதற்கே அந்தச் சொல் உரியது. காலம் நகர்வதையும் கடன் வளர்வதையும் வர்ணிக்க அது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! 'ரிலென்ட்லெஸ்லி' என்பதன் அடியில் உள்ள சொல்லுக்கு ஆதியில் உருகுதல், இளகுதல் என்று பொருள். நாமும் மனம் இளகவில்லை என்றுதானே சொல்கிறோம்? ஓயாமல் துரத்துகிறவனுக்கும், விடாமல் கொளுத்துகிற வெயிலுக்கும் அது ஏற்றது.

'ஓவர்வெல்மிங்லி' என்பதன் கதை வேறு. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து எதன்மேலாவது மூடிவிடுவதைப் பழைய இங்கிலீஷ்காரர்கள் 'வெல்ம்' என்றார்கள். மூடப்பட்டது கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. 1941-ஆம் வருஷம் டிசம்பர் 8-ஆந் தேதி, ஜப்பான் மீது யுத்தப் பிரகடனம் செய்யும் தீர்மானம் அமெரிக்கக் காங்கிரஸில் வந்தது. ஸெனட் சபையில் ஆதரவு 82, எதிர்ப்பு இல்லை. அதற்கு ஏகமனதாக என்று சொல்ல வேண்டும். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 388, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அங்கேதான் 'ஓவர்வெல்மிங்லி' சரியான சொல். அந்த ஒற்றை வோட்டு ஜீனட் ராங்கின் என்ற பெண்மணியினுடையது. காந்தியடிகளின் அஹிம்சையில் ஈடுபட்டுப் பின்னாளில் இந்தியாவுக்குப் பல முறை வந்தவர் அவர். 388 பேருக்கு நடுவிலும் ஒருவருக்கு இடம் விடும் நேர்மை அந்தச் சொல்லுக்கு உண்டு.

இனி, இந்தக் கூட்டத்தில் மிகவும் சாதுவாகத் தோன்றும் சொல்லுக்கு வருகிறேன். அதுதான் 'இனெவிட்டப்ளி', அதாவது தவிர்க்க முடியாமல். இதனுள் எதிர்த்தவனும் இல்லை, மன்றாடியவனும் இல்லை. விலகிப் போக வழியில்லை என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. செய்தவனும் கண்ணில் படுவதில்லை. காரியம் தானே நடந்துவிட்டது போன்ற ஒரு தோற்றம்!

சில வருஷங்களுக்கு முன் என் தங்கையின் கணவருக்கு, அவர் வேலை பார்த்த ஆலையிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. இன்ன காரணங்களால் ஆட்களைக் குறைப்பது 'இனெவிட்டப்ளி' நேர்ந்துவிட்டதாகவும், இனி அவர் வேலைக்கு வர வேண்டியதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. தங்கை அதை எடுத்து வந்து என்னிடம் கொடுத்து அர்த்தம் கேட்டாள். வரி வரியாகச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு வந்து, "தவிர்க்க முடியாமல்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

பிறகு, "யாரால் முடியாமல், அண்ணா?" என்று கேட்டாள்.

அவள் இலக்கணம் படித்தவள் அல்ல. ஆனால், அந்த வாக்கியத்தில் எழுவாய் காணாமற் போயிருப்பதை ஒரு கணத்தில் கண்டுகொண்டாள். தமிழில் சொன்னதால்தான் அது வெளிப்பட்டது என்று நினைக்கிறேன். இங்கிலீஷ் லத்தீன் வேருக்குள் புதைத்து வைத்திருக்கும் 'முடியாமல்' என்பதைத் தமிழ் பச்சையாகச் சொல்லிவிடுகிறது. அன்றிரவே மைத்துனர் சார்பில் ஒரு பதில் எழுதினோம். தவிர்ப்பதற்கு என்னென்ன வழிகள் ஆலோசிக்கப்பட்டன, யாரால் ஆலோசிக்கப்பட்டன என்பதே அதன் சாரம். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால், வர வேண்டிய பாக்கித் தொகை வந்தது. அதனுடன் வந்த கடிதத்தில் ஆட்களைக் குறைக்க நிர்வாகம் தீர்மானித்ததாக எழுதியிருந்தார்கள். எழுவாய் வீடு திரும்பிவிட்டது!

இது ஆலைக் கடிதத்தோடு நிற்கும் விஷயமல்ல. பீஹாரில் மோதிஹாரியில் 1903-ஆம் வருஷம் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், அரசியலும் இங்கிலீஷ் பாஷையும் பற்றி 1946-ல் எழுதிய கட்டுரையில், சர்வதேச அரசியலின் அழுக்கான காரியங்களுக்குக் கௌரவம் தேடித்தரும் சொற்களின் ஜாபிதாவில் 'தவிர்க்க முடியாத' என்பதற்கும் இடம் கொடுத்தார். 1953-ல் லண்டனில் ஐஸையா பெர்லின் நிகழ்த்திய பிரசங்கம் ஒன்றுக்கு விஷயமே இதுதான். சரித்திரத்தில் யாவும் தவிர்க்க முடியாமல் நடக்கின்றன என்றால், எவரையும் எதற்கும் பொறுப்பாளி என்று சொல்ல இடமில்லாமல் போகும் என்று அவர் வாதித்தார்.

அப்படியானால் இத்தகைய சொற்களையே விலக்கிவிடலாமா? வேண்டியதில்லை. வயது ஏறுவதையும், கடல் அலை கரையை அரிப்பதையும் வேறு எப்படிச் சொல்வது? ஆனால், எடுப்பதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள் பேசுவதற்காகத் தயாரித்த நகலில், ஒரே சமயத்தில் என்ற பொருளுள்ள வினையுரியை அடித்துவிட்டு, திடீரென்று என்ற பொருளுள்ள 'ஸடன்லி'யைத் தம் கையாலேயே எழுதினார் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். ஒரு தேசமே யுத்தத்தில் இறங்கும் வேளையிலும் ஒரு வினையுரியைத் திருத்த அவருக்கு அவகாசம் இருந்தது. அவர் தேர்ந்த சொல்லோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தது.

இப்போதெல்லாம் கரும்பலகையில் அந்தச் சொற்களை எழுதும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுதுகிறேன். எதிர்த்தவன் யார்? மன்றாடியவன் யார்? மூடப்பட்டவன் யார்? 'இனெவிட்டப்ளி'க்கு எதிரில் மட்டும் என் தங்கையின் கேள்வியை அப்படியே எழுதிவிடுகிறேன். அதற்குப் பதில் கிடைக்காத வாக்கியத்தை மறுபடி எழுதி வரும்படி சொல்கிறேன். பிள்ளைகள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால், எழுதி வருகிறார்கள்.