வேங்கையும் செம்மரமும்

ஓசூரைக் கடந்து கர்நாடகத்துக்குள் நுழையும் லாரிகளை எதிர்கொள்ளும் முதல் ஊர் அத்திபெலே. இலையும் பூவும் இழந்த கட்டையொன்று அங்கே சோதனைக்கு நிறுத்தப்பட்டால், அது எம்மரம் என்பதைக் கட்டையே சொல்லியாக வேண்டும்.

வேங்கையும் செம்மரமும் டெரோகார்பஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டின் சீவலையும் முதன்முறை நுண்ணோக்கியில் காணும் மாணவர் மயங்குவது இயல்பு. இரண்டிலும் பெரும்பாலும் ஒற்றைச் செல் அகலமுள்ள கதிர்கள் அடுக்கடுக்காக வரிசை பிறழாமல் நிற்கின்றன. நாளங்களைப் பாரன்கைமாத் திசு தழுவியிருக்கிறது. உள்ளமைப்பு பேரினத்தை உறுதிசெய்கிறது. இனத்தைச் சொல்லத் தயங்குகிறது. சட்டமோ இனத்தின் பெயரையே கேட்கிறது. 1995 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பது செம்மரம், வேங்கை அன்று.

அவ்விடத்தில் எளிய சான்றுகள் துணைவருகின்றன. செம்மரத்தின் வைரம் பெரும்பாலும் நீரில் மூழ்கும். அதன் சாண்டலின் சாயம் ஆல்கஹாலில் சிவந்து கரையும், தண்ணீரில் கரைவது அரிது. வேங்கைச் சீவல் ஊறிய நீரோ வெயிலில் நீலமாக ஒளிரும்.

பெயர் பிழைத்தால் குற்றமற்றவர் சிறைசெல்லக்கூடும். மரத்தை வெட்டியவர் தப்பக்கூடும். ஆகவே, பெயர் உறுதியான மாதிரிகளோடு ஒப்பிட்ட பின்னும் ஐயம் நீங்காதபோது, ‘டெரோகார்பஸ்’ என்று மட்டும் எழுதிப் பேனாவை நிறுத்துவதே ஆய்வாளரின் கடமை.