தலைப்பில்லாத வரவு

ந. பிச்சமூர்த்தியைத் தள்ளிவைத்துவிட்டால், நமது புதுக்கவிதையில் நன்றி என்ற உணர்ச்சி அநேகமாக இல்லை. கோபம் இருக்கிறது, சலிப்பு இருக்கிறது, சுயவெறுப்பு தேவைக்கு மேலேயே இருக்கிறது. காமமும் தனிமையும் பஸ் நிலையத்து வாடையும்கூட வந்து சேர்ந்துவிட்டன. நன்றி வரவில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நன்றி என்பது மேடைக்காரர்களிடமும், வாழ்த்து அட்டைக்காரர்களிடமும், கூட்டம் முடிந்தபின் ஜமுக்காளத்தைச் சுருட்டும் நேரத்தில் மைக்கைப் பிடிக்கும் கடைசி ஆளிடமும் போய்ச் சிக்கிக்கொண்ட சொல். எழுதுகிறவன் அதிலிருந்து கூசி விலகியது இயல்புதான். ஆனால் சொல் கெட்டுப்போனதாலேயே அதற்குப் பின்னால் இருக்கும் அனுபவமும் இல்லாமல் போய்விடுமா என்று விமர்சகன் கேட்டுப் பார்க்கவேண்டும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் எனக்கு இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. நான் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில். நம்பிக்கை என்னிடம் எந்த அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்பது இங்கே விஷயமல்ல. சொற்கள் மிஞ்சியிருக்கின்றன. ஸ்தோத்திரம், சமாதானம் என்ற இரண்டும் அவற்றில் முக்கியமானவை. 1871இல் வெளியான பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் பழகிய காது இது. 1995இல் வந்த திருவிவிலியம் நன்றி, அமைதி என்று எழுதுகிறது. தமிழாக அது நல்ல தமிழ்தான். ஆனாலும் ஏதோ ஒன்று கைநழுவிப் போயிருக்கிறது.

குறளில் செய்ந்நன்றி அறிதல் ஓர் அதிகாரம். அங்கே நன்றி என்பது ஒருவன் செய்த நன்மை. பெற்றவனிடம் எதிர்பார்க்கப்படுவது அதை அறிதல், அதாவது மறவாதிருத்தல். மிகச் சுத்தமான, உலகியலான ஒழுக்கம் அது. செய்தவன் இருக்கிறான், செய்த காரியம் இருக்கிறது, பெற்றவன் இருக்கிறான், மூன்றும் தெரிந்திருக்கின்றன. ஸ்தோத்திரம் என்ற வடசொல்லுக்கோ புகழ்ச்சி என்றே பொருள். என்ன பெற்றோம் என்ற விவரம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. பெறாதபோதும் அதைச் சொல்லமுடியும்.

சமாதானம் இன்னும் விசித்திரமானது. நமது பேச்சில் அது சண்டை ஓய்வதை மட்டும் குறிப்பதில்லை. ‘என்ன சமாதானம் சொல்லப்போகிறாய்?’ என்றால் என்ன விளக்கம், என்ன சாக்கு என்று பொருள். துக்கத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்துகிறோம். கேள்வியை அடக்குவதற்குக் கொடுக்கும் பதிலும் சமாதானம்தான். எபிரேயத்தில் இதற்கு ஈடான ஷாலோம் முழுமையைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. அதே வேரிலிருந்து கடனைத் திருப்பித் தருவதைச் சொல்லும் வினையும் பிறக்கிறது. குறையில்லாதிருத்தல், பாக்கியில்லாதிருத்தல் இரண்டும் அந்த மொழியில் உறவுக்காரர்கள். வங்கியில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

இப்போது எங்கள் குளோசிங் மார்ச்சில். 1980களின் இறுதிவரை வங்கிகளின் கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிந்தது. அன்று இரவு லெட்ஜர்களைக் கையால் கூட்டிப் பாலன்ஸ் பார்த்தவர்கள் ஓய்வுபெற்ற பின்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். வித்தியாசம் சில ரூபாய்தான் என்றாலும் விடமாட்டார்கள். பாலன்ஸ் ஆனால்தான் நள்ளிரவு ஆராதனைக்கு ஓடமுடியும் என்று பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்தது தற்செயல்தான். ஆனால் ஆண்டிறுதி ஆராதனைக்குள்ளும் ஒரு குளோசிங் மனோபாவம் நுழைந்துவிட்டதற்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆராதனையைத் தெரியாத நண்பர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். டிசம்பர் 31 இரவு சபை கூடும். பாட்டு, ஜெபம், பிரசங்கம். சிலர் எழுந்து சாட்சி சொல்வார்கள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள் வரும். மேலே பெயர், தொகை, காரணம் எழுதியிருக்கும். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, வீடு கட்டி முடித்ததற்காக என்று ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் எல்லாரும் முழங்காலில் நிற்பார்கள். மணி அடிக்கும். புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையோடு வீடு திரும்புவார்கள். இதை நான் கேலி செய்யவில்லை. ஓர் எளிய குடும்பம் தன் வருஷத்தைப் பொதுவில் வைத்து நாலு பேர் காதுபடச் சொல்வதற்கு நமது சமூகத்தில் வேறு எத்தனை இடங்கள் இருக்கின்றன?

என்றாலும் அந்தக் கவர் என்னை உறுத்தத்தான் செய்கிறது. அதில் காரணம் என்று ஓர் இடம் விடப்பட்டிருக்கிறதே, அதுதான் உறுத்தல். நன்றி அங்கே ரசீதாகிவிடுகிறது. பெற்றுக்கொண்டோம், ஒப்பம் இடுகிறோம். பெறாதவன் என்ன செய்வான்?

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் என் தம்பி போய்ச்சேர்ந்தான். அந்த இரண்டாவது அலையில் போனவர்களில் ஒருவன். அதற்கு மேல் அதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வயது இருபத்தெட்டு. அந்த வருஷக் கடைசி ஆராதனையில் சாட்சி சொன்ன பலரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: எத்தனையோ பேர் மாண்டுபோன இந்த வருஷத்தில் எங்களை மட்டும் கண்ணின் மணிபோலக் காத்தார். சொன்னவர்கள் நல்லவர்கள். அவனுடைய அடக்கத்துக்கு வரமுடியாமல் தவித்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் வாக்கியம் மட்டும் கொடூரமானது. காக்கப்பட்டவன் காக்கப்பட்டதற்கு நன்றி சொல்லும்போது காக்கப்படாதவனைப் பற்றியும் ஏதோ சொல்லிவிடுகிறான். அந்த வாக்கியத்தின் மறுபாதி என் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சில் வந்து விழுந்தது.

அதற்கு முந்தைய மாதங்களில் வீட்டுக்கு வந்தவர்கள், கர்த்தருடைய சித்தம் என்றும், அவருக்குப் பிரியமானவனைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டார் என்றும் ஆரம்பிப்பார்கள். அம்மா, ‘சமாதானம் ஒண்ணும் சொல்லாதீய, சும்மா கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க’ என்பாள். எட்டாம் வகுப்புப் படித்தவள். அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் பிரித்து, ஒன்றை மறுத்து மற்றொன்றைக் கேட்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குப் பி.ஏ. ஆங்கில இலக்கியம் தராத ஒரு தெளிவு அதில் கிடைத்தது.

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கவர் போடுவது வழக்கம். அந்த வருஷமும் அம்மா தம்பிக்கும் ஒரு கவர் போட்டிருந்தாள். எப்போதும் போடும் அதே தொகை. காரணம் என்ற இடம் காலி. ஐயர் கவரைப் புரட்டிப் பார்த்தார், கொஞ்சம் நிதானித்தார். பெயரையும் தொகையையும் மட்டும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். வங்கியில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத வரவு ஒன்று வந்தால் அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். குளோசிங்குக்கு முன் அதைத் தீர்த்துவிடவேண்டும் என்று மேனேஜர் நெருக்குவார். அம்மா அதைத் தீர்க்கவில்லை. திறந்தபடியே காணிக்கைத் தட்டில் வைத்தாள்.

இதைத் தாய்ப்பாசம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் கிறிஸ்தவ மரபின் நடுவிலேயே இது இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த மதத்தின் மையச் சடங்குக்குக் கிரேக்கத்தில் யூகரிஸ்தியா என்று பெயர், நன்றி கூறல் என்று பொருள். கத்தோலிக்கர் அதைத் தமிழில் நற்கருணை என்றார்கள், நாங்கள் திருவிருந்து என்றோம். இரண்டு பெயரிலும் நன்றி உதிர்ந்துவிட்டது. அந்த நன்றி எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள். அற்புதம் நடந்த பிறகல்ல, ஆபத்து விலகிய பிறகுமல்ல. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில், மறுநாள் என்ன காத்திருக்கிறது என்று தெரிந்த ஒருவன், பிட்கப்படப்போகும் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது. அதற்கு ரசீதின் இலக்கணம் பொருந்தாது. நன்றி முதலில் வந்துவிட்டது, நன்மை இன்னும் வரவில்லை.

இந்த இரண்டு வகை நன்றியும் ஒரே பாட்டுக்குள் மோதிக்கொண்ட கதை ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. மார்ட்டின் ரிங்கார்ட் முப்பதாண்டுப் போரின்போது ஐலன்பர்க் என்ற ஊரில் போதகர். அகதிகள் நெருக்கிக்கொண்டிருந்த அந்த மதில் சூழ்ந்த ஊரில் 1637இல் கொள்ளைநோய் புகுந்தது. மற்ற போதகர்கள் இறந்தும் வெளியேறியும் போக, அவர் தனியாக நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்ததாகச் சொல்கிறார்கள். அவர் மனைவியும் அந்த ஆண்டு இறந்தார். எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்ல அழைக்கும் அவருடைய பாட்டு அந்தக் காலத்தது. சாப்பாட்டு மேஜையில் சொல்லும் சிறு ஜெபமாக எழுதியது. போரும் பஞ்சமும் சூழ்ந்த ஊரில் சாப்பாட்டு மேஜை என்றால் என்ன என்று யோசித்துக்கொள்ளலாம்.

1757 டிசம்பரில், லாய்த்தன் போரில் ஆஸ்திரியர்களை முறியடித்த பிரஷ்ய வீரர்கள் அன்றிரவு போர்க்களத்திலேயே இந்தப் பாட்டைப் பாடியதாக ஒரு கதை பரவியது. அதற்கு லாய்த்தன் கீதம் என்றே பெயர் வந்துவிட்டது. 1933இல் ஜெர்மனியில் அந்தப் பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது. அந்த ஆண்டு ஜெர்மனிக்கு என்ன ஆண்டு என்று சொல்லவேண்டியதில்லை. பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. பிணங்களைப் புதைத்தவனின் வாயில் இருந்தது, பிணங்களை உண்டாக்கியவர்களின் வாய்க்குப் போனது. எங்களை மட்டும் காத்தார் என்பதிலிருந்து எங்களை வெல்ல வைத்தார் என்பதற்கு அதிக தூரமில்லை.

அந்த 1933இலிருந்து பத்தாண்டுகளைக் கணக்குப் பார்த்தவர் டீட்ரிச் போன்ஹோஃபர். 1942 முடியும் தறுவாயில், ஹிட்லருக்கு எதிரான சதியில் தன்னோடு இருந்த சிலருக்காக ‘பத்தாண்டுகளுக்குப் பிறகு’ என்ற கட்டுரையை எழுதினார். ஒரு பிரதியைப் பெற்றோர் வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தார்கள். ஆண்டின் திருப்பத்தில் கணக்கு ஒப்பித்தல் என்பது அதன் துணைத் தலைப்பு. எந்த நன்மையும் அதில் பட்டியலிடப்படவில்லை. தீமைக்கு மௌன சாட்சிகளாக இருந்து கைதேர்ந்துவிட்ட நம்மால் இனியும் ஏதாவது பயனுண்டா என்ற கேள்வியில் வந்து முடிகிறது. 1937இல் சீஷத்துவம் பற்றி எழுதிய நூலில் மலிவான கிருபை என்று ஒரு பிரயோகம் செய்தவர் அவர். மலிவான நன்றி என்றும் ஒன்று உண்டு என்று அவரைப் படித்தவன் சேர்த்துக்கொள்ளலாம்.

1943 ஏப்ரலில் கைதானார். 1944 டிசம்பரில், பெர்லினில் கெஸ்டாபோவின் நிலவறைச் சிறையிலிருந்து, தனக்கு நிச்சயமாகியிருந்த மரியாவுக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு புத்தாண்டுக் கவிதை அனுப்பினார். மரியா 1942இலேயே தந்தையையும் அண்ணனையும் போர்முனையில் இழந்திருந்தவர். நல்ல சக்திகள் சூழ்ந்திருப்பதைச் சொல்லும் அந்தக் கவிதை, பழைய ஆண்டின் பாரம் இறங்கிவிட்டதாகச் சொல்வதில்லை. வரும் ஆண்டில் விடுதலை என்றும் சொல்வதில்லை. கசப்பே வந்தாலும் நடுங்காமல் வாங்கிக்கொள்ளும் நன்றியைப் பற்றிப் பேசுகிறது. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளாஸன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே மாதத்தில் அவர் அண்ணனும் சகோதரிகளின் கணவர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். இன்று அந்தக் கவிதை ஜெர்மனியில் இனிமையான மெட்டில் பாடப்படுகிறது, வாழ்த்து அட்டைகளில் அச்சாகிறது. ரிங்கார்ட்டுக்கு நேர்ந்ததன் மென்மையான வடிவம்.

இனி நமது விஷயத்துக்கு வரலாம். எழுத்து காலத்திலேயே எலியட் தமிழுக்கு வந்துவிட்டார். ‘நரகம்’ எழுதிய சி. மணியிடம் அவர் சாயலைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆனால் நாம் எடுத்துக்கொண்டது 1922இன் எலியட்டை. 1927 ஜூனில் ஞானஸ்நானம் பெற்றவரை வாசலோடு நிறுத்திவிட்டோம். நவீனத்துவத்திலிருந்து பின்வாங்கிவிட்டார் என்பது காரணம். உண்மையில் நடந்தது வேறு. நம்பிக்கைக்கு முந்தைய பாழ்நிலம் உபநிஷதத்தின் சாந்தி என்ற சொல்லோடு முடிகிறது. நம்பிக்கை வந்த அதே 1927இல் அவர் எழுதிய ஞானிகளின் பயணக் கவிதையில் சாந்தி இல்லை. பாலனைக் கண்டு ஊர் திரும்பிய கிழவன் தன் ஜனங்களுக்கு நடுவிலேயே அந்நியனாக உட்கார்ந்திருக்கிறான். கண்டதற்காக அவன் வருந்தவில்லை, கண்டதால் நிம்மதியும் அடையவில்லை. நம்மவர்கள் விரும்பும் அந்நியமாதலை விட இது கடினமான அந்நியமாதல்.

நான் எதிர்பார்ப்பது பக்திக் கவிதையை அல்ல. சலிப்பைச் சொல்ல நாம் கற்றுக்கொண்ட அளவுக்கு, காரணம் எழுதப்படாத நன்றியையும் சொல்லக் கற்றுக்கொள்ளவேண்டும் என்கிறேன். விளக்கம் சொல்லி மூடாத, இழந்தவன் காதிலும் பொய்யாக ஒலிக்காத ஒரு மொழி அதற்கு வேண்டும். சலிப்புக்குச் சாமர்த்தியம் போதும். இதற்கு அது போதாது. அப்படி ஒரு கவிதை தமிழில் வரும்போது அது கிறிஸ்தவக் கவிதையாக இருக்கவேண்டும் என்பதில்லை. டிசம்பரில் வரவேண்டும் என்பதும் இல்லை.