அரை மில்லிமீட்டர்

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கும் நெற்றிப் பகுதிதான் வண்டியிலேயே மோசம். பால்வெள்ளையாகப் பிறந்த வண்டி; இப்போது யார் எந்த நிறத்தைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளலாம். ஜன்னல் ரப்பர்களின் கீழ் மூலையிலிருந்து கறுப்புக் கோடுகள் வழிந்து காய்ந்திருக்கின்றன. பின்பக்க ஏணியைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் கீழே துருக்கறை. வெயில் படாத பக்கத்தில் பாசி. லோரி சேஸிஸ் மேல் பைபர் கூண்டு கட்டிய பழைய ஜப்பான் வண்டி. உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, கைகழுவும் தொட்டி உண்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்க முடியாத ஒரு கழிப்பறையும் உண்டு.

கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து கீழிறங்கும் சாலையில், லெம்பா பெர்த்தாமில், ஒரு பட்டறை வாசலில் அது நிற்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் ஒட்டுக்கடை. ஒரு கோப்பி ஓ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும், நம்மை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பட்டறைக்காரருக்கு எழுபது இருக்கும். ஊரே அவரை மாமா என்கிறது. கம்பளித் தொப்பி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, லேண்ட்ரோவர்களுக்கு அடியில் படுத்தே வாழ்நாளைக் கழித்தவர். கூடமாட நிற்பது தங்கை மகன், பதினேழு வயசுக்காரன். மூன்றாவது ஆள் வண்டிக்குச் சொந்தக்காரர், ஈப்போவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்கிறார், எழுகிறார், வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி உட்கார்கிறார்.

பையன் உள்ளங்கையால் வண்டியை ஒரு இழு இழுத்தான். கை முழுக்க வெள்ளைத் தூள்.

“மாமா, திருநீறு!” என்று நெற்றியில் மூன்று விரல் வைக்கப் போனான்.

“டேய், கண்ணுல பட்டா எரியும்டா. போய் கைய கழுவு மொதல்ல.”

அந்தத் தூள்தான் நோய். பைபர் வண்டியின் மேலே தெரியும் பளபளப்பு பெயிண்ட் இல்லை. ஜெல் கோட் என்பார்கள். நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். வார்ப்புக்குள் முதலில் அதைப் பூசிவிட்டு, அதன் முதுகில் கண்ணாடி நாரும் ரெசினும் அடுக்கடுக்காகப் போட்டுக் கூண்டைச் செய்வார்கள். ஜெல் கோட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த ரெசினின் கட்டை உடைக்க உடைக்க, நிறமித் துகள்கள் பிடிப்பில்லாமல் வெளியே வந்து கையில் ஒட்டுகின்றன. மேல்புறம் சொரசொரப்பாகிவிட்டால் அழுக்கும் பாசியும் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. துருப்பிடித்த தகரத்தைப் போல ஓட்டை விழாது. வெறுமனே மங்கும். அதனால்தான் பலர் ரொம்ப நாள் கண்டுகொள்வதே இல்லை.

கேமரன் மலை குளிர்ச்சியான ஊர், வண்டிக்கு நல்லது என்று வாத்தியார் நினைத்திருந்தார் போலும். மாமா சிரித்தார். குளிர் வேறு, வெயில் வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. லெம்பா பெர்த்தாம் அந்த உயரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நிலநடுக்கோடு வேறு பக்கத்தில். மூடுபனி வந்தாலும் கதிரில் ஒரு பகுதி அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். மாமா இதையெல்லாம் இப்படிச் சொல்லவில்லை. பட்டறைக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்கப் பரந்து கிடக்கும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைக் கைகாட்டினார். “அத கையில எடுத்துப் பாருங்க சார். பழசான கூரை ஒடஞ்சு ஒடஞ்சு போவும். அதே வெயிலுதான் ஒங்க வண்டிக்கும்.” வாத்தியார் திரும்பிப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு கிழிசல் காற்றில் படபடத்தது.

தேயிலை என்றால் கேமரன் மலை என்கிறார்கள். 1929இல் தொடங்கிய போ தோட்டத்தின் பச்சை வரிகளைப் படம் பிடிக்கச் சனி ஞாயிறு வந்தால் ரிங்லெட் வழியாகக் கார்கள் நகர முடியாமல் நிற்கும். அந்தக் கார்களில் வருகிறவர்கள் லெம்பா பெர்த்தாம் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. இது முட்டைக்கோசும் தக்காளியும் சாமந்தியும் விளைகிற பள்ளத்தாக்கு. மேலே ரிங்லெட் ஏரி, 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை, கீழே பெர்த்தாம் ஆறு. 2013 அக்டோபர் 23 அதிகாலை அணையிலிருந்து திறந்த தண்ணீர் இந்தக் கரையில் வீடுகளையும் வண்டிகளையும் புரட்டிப் போட்டது, உயிர்களையும் கொண்டுபோனது. வாத்தியார் ஆற்றுப் பக்கம் நிழலாக இருக்கிறது, அங்கே விடலாமே என்றதற்கு மாமா பதிலே சொல்லவில்லை. மேட்டுப் பக்கம்தான் நிறுத்தச் சொன்னார்.

கழுவ மட்டும் ஒரு காலைப்பொழுது போனது. பாத்திரம் கழுவும் சோப்பு, வாளி வாளியாகத் தண்ணீர், நாரில்லாத மெத்தைத் துணி. துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கரைத்த தண்ணீர், கையுறை போட்டுக்கொண்டு. பாசி சீக்கிரம் போய்விட்டது. கறுப்புக் கோடுதான் அடம்பிடித்தது.

பக்கவாட்டில் நீலப் பட்டையாக ஒரு ஸ்டிக்கர், வெடித்துச் சுருண்டு கிடந்தது. பையன் முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்ட, மாமா பிளாஸ்டிக் தகட்டால் மெல்ல நெம்பி உரித்தார். அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வண்டியின் பிறந்த நிறம் அப்படியே இருந்தது. பசை துடைத்ததும் வழவழவென்று, கொஞ்சம் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை. வாத்தியார் குனிந்து அதில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. “இதான் சார் அளவு. மத்தது இதுக்குக் கிட்ட வரணும். இதத் தாண்டிப் போகக் கூடாது,” என்றார் மாமா.

அப்போதுதான் வாத்தியார் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். அக்ரிலிக் பூச்சு. துணியில் நனைத்துத் தடவினால் போதும், தேய்க்கவே வேண்டாம், அரை நாளில் புது வண்டி என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாமா புட்டியை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் மின்னும் சார். ஒரு வருசம், ஒன்றர வருசம். அப்புறம் மஞ்சளாயி தோல் உரியும். அத வழிச்செடுக்க எங்கிட்டதான் வருவீங்க.”

“செலவு கம்மியாச்சே.”

“இப்பக் கம்மிதான்.”

வாத்தியார் புட்டியைப் பைக்குள் வைத்தார், தூக்கியெறியவில்லை. எனக்கும் அந்தப் புட்டியின் மேல் ஒரு கண் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேய்க்காமல் மின்னும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் மங்கிய தூளின் மேல் பூசுகிற எதுவும் அந்தத் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தூள் உதிர்ந்தால் பூச்சும் கூடவே போகும்.

மாமாவுக்குப் பழக்கமான உலகம் வேறு. லேண்ட்ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்து எஃகு கிடைக்காத காலம். அதனால் உடம்பை அலுமினியத்தில் செய்தார்கள். அந்த உடம்பு நசுங்கினால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், கிழிந்தால் ஒட்டுப்போட்டு ரிவிட் அடிக்கலாம், பத்து முறை பெயிண்ட் அடிக்கலாம். மலைக்காட்டுச் சேற்றில் காய்கறிக் கூடை சுமக்கும் அந்தக் கிழட்டு வண்டிகள் இன்னும் ஓடுவது அதனால்தான். பைபர் அப்படியில்லை. 1953இல் அமெரிக்காவில் கோர்வெட் கார் பைபர் உடம்போடு வந்தது. 1980களில் பெங்களூர் சிபானி கம்பெனியின் டால்ஃபின் வந்தது. வார்ப்பில் அடுக்கி எந்த வளைவையும் எடுத்துவிடலாம், எடை குறைவு, துரு இல்லை. ஆனால் மேல்தோல் ஒரே ஒரு முறைதான் கொடுப்பினை. அதைத் தேய்த்துத்தான் மெருகு ஏற்ற வேண்டும்; தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அது குறையும்.

மாமா பென்சிலை எடுத்தார். நெற்றிப் பகுதியில் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்தார். இது எதற்கு என்று வாத்தியாரின் முகம் கேட்டது. பையன் விளிம்புகளிலும் மூலைகளிலும் டேப் ஒட்டிக்கொண்டே போனான். விளிம்பில் ஜெல் கோட் மெல்லிசாக இருக்கும்; இயந்திரம் ஒரு முறை பட்டால் போதும், நார் வெளியே வந்துவிடும். அப்புறம் எண்ணூறாம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ரப்பர் கட்டையில் சுற்றி, கையாலேயே தேய்க்கத் தொடங்கினார். அழுத்தவே இல்லை. தாளின் எடையும் கையின் எடையும் மட்டும். சோற்றுக் கஞ்சி நிறத்தில் தண்ணீர் வழிந்தது. பென்சில் கோடு அழிந்த இடத்தை விட்டுக் கை தானாக அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. கோடு எங்கே மிச்சமோ அங்கேதான் வேலை மிச்சம். எங்கே அழிந்ததோ அங்கே இன்னொரு இழுப்பு கிடையாது. வாத்தியாருக்கு இப்போது புரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை எடுக்கத்தான். பையனுக்குத் தோள் வலித்தது. கையை உதறினான். மாமா பார்க்காத நேரம் பார்த்து ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டி இரண்டாயிரத்துக்குப் போகப் பார்த்தான்.

“கீறல் வெயில்ல காட்டிக் குடுத்துரும்டா, தம்பி.”

அவன் பழைய தாளையே எடுத்துக்கொண்டான்.

காம்பவுண்ட் என்கிற மெருகுப் பசையைப் போட்டு இயந்திரம் சுற்றியபோதுதான் பட்டறைக்கு ஆள் சேர்ந்தது. ஆட்டுரோமப் பட்டையைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஒரே இடத்தில் நிற்கவிடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். சூடேறினால் ரெசின் கருகும். நடு நடுவே புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். மங்கலுக்குள்ளிருந்து முதலில் பின்னாலிருந்த மலை தெரிந்தது, அப்புறம் ஒட்டுக்கடையின் பெயர்ப்பலகை இடவலம் மாறிய எழுத்தில். தக்காளிக் கூடை ஏற்றப் போன இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள் நின்று முடியைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.

“இன்னும் ஒரு சுத்து ஓட்டலாமா?” என்றார் வாத்தியார். குரலில் ஆசை வழிந்தது.

மாமா ஸ்டிக்கர் இருந்த இடத்தையும் பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “போதும்.”

“இன்னும் கொஞ்சம் வருமே?”

“வரும் சார். அடுத்த தடவைக்குத் தோல் வேணுமே.”

மூன்று மணிக்கு மழை வந்துவிட்டது. வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் மெழுகு. மெல்லிய பூச்சு, சின்னச் சின்ன வட்டம், கொஞ்சம் காயவிட்டுத் துடைப்பு. சிலிகான் கலந்த மெழுகை மாமா தொடுவதில்லை. நாளைக்கு ஏதாவது ஒரு இடத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தால் ஒட்டாமல் புள்ளி புள்ளியாக விலகும் என்கிறார்.

கடைசியில் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பையனை மேலே கூப்பிட்டு எதையோ காட்டினார். இறங்கி வந்தபோது விரலை வாத்தியாரிடம் நீட்டினார். விரல் நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் முள்ளாக நார்த் துணுக்குகள். கூரையின் ஜெல் கோட் முடிந்துபோயிருந்தது. கண்ணாடி நாரின் பின்னல் கட்டம் கட்டமாக வெளியே தெரிகிறது.

“அதையும் தேய்ச்சா?”

“தேய்க்க ஒண்ணும் இல்ல சார். பிரைமர் போட்டு ரெண்டு கை பெயிண்டுதான். வர்ற வாரம் கொண்டாங்க.”

வாத்தியார் தலையாட்டினார். கைப்பையைத் திறந்து அந்தப் புட்டியை எடுத்து, பட்டறை அலமாரியில் கிரீஸ் டப்பாக்களின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பைபர் வண்டி வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை மெழுகு போடுங்கள், அதைக் கூரையிலிருந்து தொடங்குங்கள். கீழே நிற்கிற நம் கண்ணுக்குக் கூரை தெரியாது. வெயில் முதலில் விழுவது அங்கேதான்.