ஒரு குடாவும் பல சபைகளும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரைபடத்தை விரித்தால் தண்ணீர் ஒன்றாகத்தான் தெரியும். உட்துறைமுகம், தம்பலகாமக் குடா, கொட்டியாரக் குடா எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று திறந்து கிடக்கும். அதே வரைபடத்தில் உள்ளூராட்சி எல்லைகளைக் கீறினால் கரை துண்டு துண்டாகிவிடும். திருகோணமலை நகரம், பட்டினமும் சூழலும் பிரதேச சபை, தம்பலகாமம், கிண்ணியா நகரம், கிண்ணியா பிரதேச சபை, மூதூர். தெற்கே மகாவலியின் கிளையொன்று கடலைத் தொடும் இடத்தில் வெருகல். வடக்கே புல்மோட்டை வரை நீளும் குச்சவெளி. காலநிலை மாறும்போது இந்த ஊர்கள் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று சபைகளோடு உட்கார்ந்து திட்டம் எழுதுவது என் தொழில். எழுதுவதைவிட, ஒரு சபை பட்டறிந்ததை அடுத்த சபையின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதில் பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கடல்மட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. 2006இலிருந்து 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் ஏறியது. இந்த எண்களை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் மேசைக்கு எதிரே இருக்கும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேட்பது வேறு. வாடைக்காலத்தில் கடல் ஏறி நிற்கிறது, அந்த நேரத்தில்தான் மழையும் கொட்டுகிறது, வடிகானின் வாய் கடல்நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது, ஊருக்குள் நிற்கும் தண்ணீரை எங்கே விடுவது? அவருடைய இந்தக் கேள்விக்குள் அந்த 20 சென்ரிமீற்றரும் அடங்கியிருக்கிறது. நமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. இப்படிப்பட்ட கடலோரத்தில் ஒரு சாண் உயர்வு மதகுகளின் கணக்கை மாற்றிவிடும்.

அவர் கையில் இருப்பவை வடிகான், உள்வீதி, குப்பை, சந்தை, கட்டட அனுமதி. அவ்வளவுதான். கரையோரத்தில் நிலப்பக்கம் 300 மீற்றரும் கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணும் திணைக்களத்தின் பொறுப்பு. அரச காணி பிரதேச செயலாளரிடம். குளங்களும் வாய்க்கால்களும் நீர்ப்பாசனத்துறையிடம். கண்டல் காட்டை வனத் திணைக்களம் பார்க்கும். வெள்ளமோ புயலோ வந்தால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அனர்த்த முகாமைத்துவ நிலையம் முன்னுக்கு நிற்கும். இந்த எல்லைகளைப் பார்க்காமல் எழுதிய திட்டங்கள் எத்தனையோ அலுமாரிகளில் இருக்கின்றன. சபை கடற்சுவர் கட்டும், சபை கண்டல் வளர்க்கும், சபை குடியேற்றத்தை நகர்த்தும் என்று அவற்றில் எழுதியிருக்கும். படிக்க நன்றாக இருக்கும். செய்ய ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை. அதனால் இன்னொரு ஊருக்குப் பார்க்கப் போகும் உத்தியோகத்தர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது, “இதை எந்த அதிகாரத்தில் செய்தீர்கள், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து காசு வந்தது?” என்பதைத்தான். அதைக் கேட்காமல் திரும்பியவர் படம் மட்டுமே பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

இலங்கையின் கடலோரச் சபைகள் காலநிலைத் திட்டம் எழுதத் தொடங்கி ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. ஐ.நா.வின் ஹபிடாட் அமைப்பு மட்டக்களப்பையும் நீர்கொழும்பையும் ஒன்றாக எடுத்து, இரண்டு வாவி நகரங்களிலும் எங்கே பாதிப்பு அதிகம் என்று ஆராய்ந்தது. பிறகு கல்முனையும் பலப்பிட்டியும் அதே வகையான திட்டங்கள் எழுதின. கிழக்கையும் மேற்கையும் இப்படிச் சோடியாகப் போட்டது நல்ல யோசனை. ஒரு பக்கம் வடகீழ்ப் பருவமழையில் நனையும்போது மற்றப் பக்கம் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். தன் ஊர் வெள்ளத்தில் நிற்காத ஒருவர்தான் இன்னொரு ஊரின் வெள்ளத்தை நிதானமாகப் பார்க்க முடியும்.

ஆனாலும் திருகோணமலைச் சபைகளுக்கு மட்டக்களப்பிடம் கற்க வேண்டியதாக நான் காண்பது எந்த அறிக்கையிலும் இல்லை. அது முகத்துவாரம் வெட்டும் தீர்மானம். மழைக்காலத்தில் வாவி நிறைந்து வயல் மூழ்கும்போது, மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொல்வார் வயல்காரர். முந்தி வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்பார் வாவியில் தொழில் செய்கிறவர். இரண்டு பேரும் சொல்வது நியாயம். எந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் வெட்டுவது, யாரைக் கேட்டு வெட்டுவது, பிந்திப்போனால் யார் பதில் சொல்வது என்பதை அந்த ஊர் வருடம் வருடமாகச் சண்டை பிடித்தே கற்றுக்கொண்டது. தகவமைப்பு என்று நாம் பெரிதாகச் சொல்வதன் நடைமுறை இதுதான். நிலாவெளிப் பக்கத்துக் களப்புகளைப் பற்றி யோசிக்கும் ஒருவர் அந்தக் கூட்டங்களில் ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

தோல்வியைக் கைமாற்றுவதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நட்டார்கள். பணம் வந்தது, நாற்று வந்தது, பாடசாலைப் பிள்ளைகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். பல வருடங்கள் கழித்து ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய் எண்ணிப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவு இது: நட்டது 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை, தப்பிப் பிழைத்தது ஏறத்தாழ 200. பாதிக்கு மேற்பட்ட நடுகைகளில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. காரணங்கள் சிக்கலானவை அல்ல. ஒருவகைக் கண்டலின் நீண்ட காய் கைக்கு எளிதாகக் கிடைக்கும், சேற்றில் குத்தினால் நிற்கும். அதனால் எங்கே எந்த இனம் வளரும் என்று பாராமல் அதையே எல்லா இடத்திலும் குத்தினார்கள். நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கவில்லை. நட்ட பிறகு மாடு மேய்கிறதா, பாசி மூடுகிறதா என்று பார்க்க ஆள் வைக்கவில்லை.

இந்தப் பாடம் நமது குடாவுக்கு மிகவும் தேவை. தம்பலகாமக் குடாவைச் சுற்றியும் கிண்ணியாப் பக்கத்திலும் கண்டல் இன்னும் நிற்கிறது. புதிதாக நடுவதற்கு முன், தண்ணீர் வந்துபோகும் வழியைத் திறந்துவிட்டால் தானாக முளைக்குமா என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் முளைக்கும். பாதையின் கீழ் அடைபட்ட மதகு ஒன்றைத் திறப்பது சபையால் முடிந்த வேலை. அதற்கு விழா தேவையில்லை. 2024இல் இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை உலகின் முன்மாதிரிகளில் ஒன்றாக ஐ.நா. அறிவித்தது. அந்தப் பெருமைக்குரிய வேலை, முன்னைய தோல்விகளை எண்ணிப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் நடந்தது. தன் ஊரில் எது பிழைக்கவில்லை என்பதை அடுத்த சபைக்கு வெளிப்படையாகச் சொல்லும் தவிசாளரை நான் மிக மதிக்கிறேன். அப்படிச் சொல்ல நமது முறைமை அவருக்கு எந்த ஊக்கமும் கொடுப்பதில்லை. வெற்றியைச் சொன்னால்தான் அடுத்த நிதி வரும்.

வெளிநாட்டுத் தீவுகளிடம் கற்க வேண்டியது என்ன? நுட்பத்தைவிடச் சட்டம் என்பேன். மாலைதீவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மக்கள் வாழும் ஒவ்வொரு தீவுக்கும் தெரிவுசெய்யப்பட்ட சபை உண்டு. 2019இல் அதைத் திருத்தி, அரச வருமானத்தில் சபைகளுக்குப் பங்கு வைத்தார்கள். பிலிப்பைன்ஸில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு உள்ளூராட்சியும் காலநிலைத் திட்டம் எழுத வேண்டும் என்றது. 2012இல் அதற்கென்றே ஒரு நிதியை உண்டாக்கினார்கள். சியர்காவ் தீவின் டெல் கார்மென் என்ற சிறிய நகராட்சி அந்த நிதியைப் பெற்று, விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் வானிலை படிக்கக் கற்றுத்தரும் வயல்வெளிப் பள்ளி நடத்தியது. நமது 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் இப்படியொரு கடமையும் இல்லை, காசும் இல்லை. 2016இலிருந்து 2025 வரைக்கான தேசியத் தகவமைப்புத் திட்டம் மேலே இருந்தது. கீழே வரவில்லை.

கீழே இன்னொரு குறையும் இருந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருடங்களுக்கு மேல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். பழைய உறுப்பினர் போய்விட்டார், புதியவர் வரவில்லை, இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர் கோப்போடு ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆகவே இப்போது எந்தச் சபைக்கு எழுதினாலும் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று சேர்க்கிறேன்: எந்த இடத்தில் எந்த வருடம் தண்ணீர் எவ்வளவு ஏறியது, என்ன செய்தோம், அது ஏன் போதவில்லை. 1964இன் புயல், 2000 டிசம்பரின் புயல், 2011 வெள்ளம், 2020இல் குச்சவெளிப் பக்கம் கரையேறிய புரேவி. முதியவர்களிடம் கேட்டால் கிணறு எந்த வருடத்திலிருந்து கரிக்கத் தொடங்கியது என்பதுவரை சொல்வார்கள்.

அந்தக் குறிப்புகளில் மூதூர்ப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னது அடிக்கடி நினைவுக்கு வரும். “மகன், மழையைப் பார்த்து நாங்க ஓடுறதில்ல. ஆத்தைப் பார்த்துத்தான் ஓடுற.” 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது அவர் சொன்னதே நடந்தது. மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலி வழியாக இறங்கி வந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. மூதூர், சேருவில, வெருகல் பக்கத்து ஊர்கள் வெளியேற வேண்டி வந்தது. அந்தத் தண்ணீர் நமக்கு வருமுன் பொலனறுவை மாவட்டத்தின் மனம்பிட்டியைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே ஆற்றின் உயரத்தை அளக்கிறார்கள்.

தூரத்துத் தீவுகளுக்குப் போக நிதி தேடும் நமது சபைகள், மேட்டிலுள்ள பொலனறுவைச் சபைகளோடு ஒரு முறையான கூட்டம்கூட நடத்துவதில்லை. மாகாணம் வேறு, மொழி வேறு, மாவட்டச் செயலகம் வேறு. ஆறு ஒன்று. கந்தளாய்க் குளத்துக்கும் தம்பலகாமத்துக்கும் இடையிலும் இதே உறவுதான். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் கட்டு உடைந்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருகோணமலை நகரம் குடிப்பதும் அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான்.

இப்போது நான் சபைகளிடம் கேட்பது ஒரு சிறிய ஏற்பாடு. ஒவ்வொரு வருடமும் ஒக்ரோபரில், வாடை தொடங்குமுன், பொலனறுவைச் சபைகளின் உத்தியோகத்தர்களும் சேருவில, வெருகல், மூதூர், கிண்ணியாச் சபைகளின் உத்தியோகத்தர்களும் ஒரு நாள் ஒன்றாக இருக்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் பேசுவதற்கு ஆள் வைக்க வேண்டும். நீர்ப்பாசனப் பொறியியலாளரும் அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தரும் வர வேண்டும். மனம்பிட்டியில் எந்த உயரம் வந்தால் வெருகலில் எத்தனை மணித்தியாலத்தில் எந்தப் பாதை மூழ்கும், யார் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது, பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கியை யார் பிடிப்பது என்பதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வாகனத்துக்கு எண்ணெய், மதியச் சாப்பாடு, மண்டபம், இவ்வளவும் போதும். ஒரு சபையின் செயலாளர் அழைப்புக் கடிதம் எழுதினால் நடக்கும். கடிதத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது, கேட்கும் சபைக்குக் கொடுக்கிறேன்.