வெள்ளைக்காரன்ட சுண்டு

எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒரு வட்ட டின் கிடந்தது. ஐம்பது சிகரெட் அடைத்து வந்த தகர டின். எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. மூத்தம்மாவுக்கு அரிசி அளக்கும் சுண்டு அதுதான். கடைக்காரரின் சுண்டை அவ நம்பவே மாட்டா.

1973, 74 காலம். பாணுக்கு விடியப்புறமே வரிசை. எங்கள் ஊர் ஒலுவிலைச் சுற்றி வயல்தான். ஆனால் நினைத்தபடி அரிசியை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோக ஏலாது. நாங்கள் முணுமுணுத்தால் மூத்தம்மாவுக்குச் சிரிப்பு.

"இதெல்லாம் ஒரு பஞ்சமா மனே? யுத்தத்துக்க மரவள்ளியும் குரக்கனும் திண்டு கிடந்த நாங்க."

மூத்தம்மா சொன்னது இரண்டாம் உலக யுத்தம். பர்மா யப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1942இல் கூப்பன் வந்தது. அதே வருசம் ஏப்ரல் 9, மட்டக்களப்புக் கடலில் 'ஹெர்மிஸ்' கப்பலை யப்பான் விமானங்கள் தாழ்த்தின. அந்தச் சத்தம் ஒலுவிலுக்குக் கேட்டதென்று சத்தியம் பண்ணுவா. அவ்வளவு தூரம் கேட்டிருக்குமா என்று எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

டின் வந்தது யுத்தத்தின் கடைசி மாதங்களில். அக்கரைப்பற்று ரோட்டில் பட்டாள லொறி ஒன்று சூடேறி நின்றுவிட்டதாம். மூத்தவாப்பா இளநி வெட்டிக் கொடுத்திருக்கிறார். குடித்தவர்களில் ஒருவன் காசுக்குப் பதிலாக, மிச்சம் நாலைந்து சிகரெட்டோடு டின்னை நீட்டினான்.

"மீசகூட முளைக்கல்ல. கடலக் காட்டி, நெஞ்சத் தொட்டு, என்னமோ செல்லிச் செல்லிச் சிரிச்சான். ஊட்டுக்குப் போகப்போறான் எண்டு விளங்கிச்சு."

போயிருப்பானா? 1945 மே மாதமே ஜெர்மனி சரணடைந்துவிட்டது. ஆனால் திருகோணமலையில் கடற்படை இன்னும் யப்பானோடு சண்டையில். பெரிய தளபதி மவுண்ட்பேட்டன் கண்டியில் இருந்துகொண்டு மலாயாவில் இறங்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொடியனுக்கு வீடு எந்தப் பக்கம் என்று யார் கண்டது.

யப்பான் பணிந்தது ஆகஸ்ட் 15. மூத்தம்மாவுக்குத் தேதி தெரியாது. "நோம்புக்க" என்பா. பிறகு பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, அது ரமழான் மாதம்.

"யுத்தம் முடிஞ்சிட்டெண்டு பள்ளியடியில செல்லிக்கிட்டாங்க. அண்டைக்கும் கஞ்சிக்குக் கூப்பன் அரிசிதான்."

பட்டாளம் போய்விட்டது. கூப்பன் போகவில்லை, 1979 வரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது. அதுவரையும் அந்த டின்னாலேயே அளந்தா. விளிம்போடு விரலால் வழித்து, உலையில் போடுமுன் ஒரு பிடியை அள்ளிப் பக்கத்துச் சட்டியில் போடுவா. அது பள்ளிவாசலுக்கு.