பாட்டிக்கு மறதியா, குழப்பமா?

போன மாசம் மெடிசின் இன்டர்னல்ஸ். எனக்கு வந்த லாங் கேஸ், அன்று காலைதான் அட்மிட் ஆன 78 வயதுப் பாட்டி. கூடவே மகள். "ரெண்டு நாளா சம்பந்தமில்லாம பேசுறாங்க தம்பி" என்றார். பாட்டி என்னைப் பார்த்து, "மாட்டைப் பிடிச்சுக் கட்டிட்டியா?" என்று கேட்டார். வயசு, உளறல். உடனே எனக்குள் பல்பு எரிந்தது: டிமென்ஷியா!

முடிவு கட்டிவிட்டால் அப்புறம் எல்லாம் சுலபம்தானே. வரிசை மாறாமல் ஹிஸ்டரி, நரம்பு மண்டலப் பரிசோதனை, டிமென்ஷியாவுக்கான காரணங்கள் என்று கடகடவென ஒப்பித்தேன். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகளிடம் திரும்பினார்.

"போன வாரம் எப்படிம்மா இருந்தாங்க?"

"நல்லாத்தான் சார். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவங்கதான் பார்ப்பாங்க."

"புதுசா மாத்திரை ஏதாவது?"

"சளிக்கு மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கினேன். மூணு வேளையும் கொடுத்தேன்."

சிபிஎம். (கட்சி இல்லைங்க, குளோர்பெனிரமின் மாத்திரை.) நமக்கு லேசாகத் தூக்கம் வரவைக்கும் அதே மாத்திரை வயதானவர்களின் மூளையைக் குழப்பிவிடும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று மார்க் பீர்ஸ் 1991-ல் தொடங்கிவைத்த பட்டியலில் இன்று இந்த வகை மருந்துகளும் இருக்கின்றன. பாட்டிக்கு இருந்தது டெலிரியம். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும், ஏறி இறங்கும். மருந்து, சிறுநீர்த் தொற்று, ஏன் மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் பாஸ். அதுவும் நல்ல மார்க்! டயக்னோசிஸுக்கு மட்டும்தான் கொஞ்சம் போனது. வரிசையாகச் சொன்னதற்கும் சரியாகத் தட்டிப் பார்த்ததற்கும் கட்டங்கள் இருந்தன. புதுத் தகவல் வந்தால் இவன் மனசை மாற்றிக்கொள்வானா என்று பார்க்க ஒரு கட்டமும் இல்லை.

அதைப் பார்க்கவும் ஒரு தேர்வு முறை இருக்கிறது. மான்ட்ரியலின் பெர்னார்ட் ஷார்லானும் மற்றவர்களும் உருவாக்கிய ஸ்கிரிப்ட் கன்கார்டன்ஸ் டெஸ்ட். கேள்வி இப்படி இருக்கும்: 'டிமென்ஷியா என்று நினைக்கிறீர்கள். போன வாரம்வரை கணக்குப் பார்த்தார் என்று தெரியவருகிறது. இப்போது உங்கள் சந்தேகம் கூடுகிறதா, குறைகிறதா?' -2 முதல் +2 வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுபவசாலி டாக்டர்கள் 10 பேரில் 6 பேர் -2 என்றும் 3 பேர் -1 என்றும் சொல்லியிருந்தால், -2 போட்டவருக்கு முழு மார்க், -1 போட்டவருக்குப் பாதி. பெரியவர்களே ஒத்துப்போகாத இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் தேர்வு! ஒரே ஆளுக்கு நாலு வியாதி, ஏழு மாத்திரை இருக்கும் முதியோர் மருத்துவத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். ஓட்டையும் உண்டு. நடுவிலேயே டிக் அடித்துத் தப்பிக்கப் பார்க்கலாம். அதனால் இது மட்டும் போதாது, பாட்டியும் வேண்டும்.

சிபிஎம்மை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருப்பா நீ?"

உங்களுக்கு ஆயுசுக்கும் டிமென்ஷியா என்று எழுதி, அந்த மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப் பார்த்தவன் பாட்டி. சொல்லவில்லை. "ஸ்டூடன்ட் பாட்டி" என்று மட்டும் சொன்னேன்.